அப்பாவுக்கு ஒரு ஸ்டீரியோ... 12,000 ரூபாய் போதுமா?

வாங்கும் முன் ஒரு நிமிடம் - 27

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சின்னக் கடிதம்தான். ஆனால், இரண்டு நாள்களாக மனதை விட்டுப் போகவில்லை.

‘அப்பாவுக்கு 68 வயது. பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். அம்மா இருந்தவரை காலையில் ரேடியோ, ராத்திரி டேப் ரிக்கார்டர் என்று வீட்டில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். போன வருடம் அம்மா இறந்த பிறகு வீடு சத்தமே இல்லாமல் கிடக்கிறது. டேப் ரிக்கார்டரும் ரிப்பேர். போனில் பாட்டுப் போட்டுக் கொடுத்தால், “கொசு பாடுற மாதிரி இருக்கும்மா” என்று அணைத்துவிடுகிறார். சீட்டு எடுத்த பணத்தில் 12,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். கடையில் ஹோம் தியேட்டர் வாங்கச் சொல்கிறார்கள். ஆறு ஸ்பீக்கர் வருமாம். வாங்கலாமா?’

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன் சகோதரி. 12,000 ரூபாய் போதும். ஆறு ஸ்பீக்கர் வேண்டாம். இரண்டே இரண்டு வாங்குங்கள். ஏன் என்று விளக்க, நான் ஏமாந்த கதையைச் சொல்ல வேண்டும்.

மேளம் கேக்குது, பாட்டு கேக்கலை!

2009-ல் என் அப்பாவுக்கு 70 வயது முடிந்தது. அவருக்குப் பரிசாக ஒரு ஹோம் தியேட்டர் வாங்கினேன். கடையில் ஒரு சண்டைக் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். கார் கதவை அடித்துச் சாத்தும் சத்தம் அடிவயிற்றில் வந்து இறங்கியது. அட்டைப் பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருந்தது. கேள்வியே கேட்காமல் கார்டை நீட்டிவிட்டேன்.

அப்பா இரண்டு நாள் கேட்டார். மூன்றாம் நாள் தன்னுடைய பழைய டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு பின்பக்கத் திண்ணைக்குப் போய்விட்டார்.

“ஏம்ப்பா, பிடிக்கலையா?”

“நல்லாத்தான்டா இருக்கு. மேளமெல்லாம் ஜோரா கேக்குது. பாட்டுதான் கேக்கலை.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வயசானவர்களுக்குப் புதுசு எதுவும் பிடிக்காது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அதன் பிறகு அந்த சப்-ஊஃபர் பெட்டி, பழைய பேப்பர் அடுக்கும் ஸ்டூலாக நாலு வருடம் வேலை பார்த்தது.

அப்பா சொன்னதில் ஒரு பிசகும் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. விலை குறைந்த ஹோம் தியேட்டரில் சுற்றி வைக்கும் குட்டி ஸ்பீக்கர்கள் உள்ளங்கை அளவுதான் இருக்கும். அவற்றுக்குள் இருப்பது இரண்டு, மூன்று அங்குலக் கூம்பு. ஆண் குரலின் அடித்தளம் சுமார் 100 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. அந்தக் கனத்தைக் குட்டிக் கூம்பால் எழுப்ப முடியாது. அதனால் அந்தப் பகுதியை மூலையில் இருக்கும் சப்-ஊஃபருக்குத் தள்ளிவிடுவார்கள். விளைவு, பாடகரின் நெஞ்சு சோபாவுக்குப் பின்னாலும் நாக்கு டி.வி-க்குப் பக்கத்திலும் இருக்கும். சண்டைக் காட்சிக்கு அது போதும். பாட்டுக்குப் போதாது.

இரண்டு காது, இரண்டு ஸ்பீக்கர்

ஸ்டீரியோ என்பது சத்தத்தைக் கூட்டும் வித்தை அல்ல. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நம் இரண்டு காதுகளும் சேர்ந்து கண்டுபிடிக்கின்றன அல்லவா, அதைப் பதிவில் கொண்டுவரும் முறை. இங்கிலாந்துப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். மனைவியோடு சினிமாவுக்குப் போனபோது, திரையில் ஆள் ஒரு பக்கம் நடக்க, குரல் இன்னொரு பக்கம் இருந்து வந்ததைப் பார்த்துதான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள்.

நம் பாட்டுகளுக்கு வருவோம். 1960-களின் தமிழ்ப் பாட்டுகள் பெரும்பாலும் மோனோ. அதாவது ஒரே தடம். இளையராஜா இசையில் 1978-ல் வந்த ‘ப்ரியா’ படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. இடதுபக்கம் ஒரு வாத்தியம், வலதுபக்கம் ஒரு வாத்தியம், நடுவில் குரல் என்று பிரித்து உட்காரவைக்க அதில் வழி இருந்தது.

‘அப்பா கேட்பது எல்லாம் அந்தக் காலத்து மோனோ பாட்டுதானே, அதற்கு எதற்கு இரண்டு ஸ்பீக்கர்?’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரே மாதிரியான இரண்டு ஸ்பீக்கர்களைச் சரியாக வைத்து மோனோ பாட்டைப் போட்டால், குரல் இரண்டிலிருந்தும் வராது. இரண்டுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத வெற்றிடத்திலிருந்து வரும். ஆள் அங்கே நின்று பாடுவதுபோல இருக்கும். ஒரு பெட்டிக்குள்ளிருந்து பாடுவதற்கும் எதிரில் நின்று பாடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வாட்ஸ்

கடையில் நம்மை முதலில் வீழ்த்துவது இந்த எண்தான். ‘5,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதைப் படிக்கவே படிக்காதீர்கள். கண் இமைக்கும் நேரத்துக்கு எட்டக்கூடும் என்று காகிதத்தில் போடும் கணக்கு அது. நம் வீட்டு மிக்ஸி 500, 750 வாட்ஸ் இழுக்கிறது. கைக்கு அடக்கமான ஒரு பெட்டி 5,000 வாட்ஸ் எங்கிருந்து கொடுக்கும்?

பார்க்க வேண்டியது ‘ஆர்.எம்.எஸ்’ என்று போட்டிருக்கும் வாட்ஸ். தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி அது. உலகம் முழுக்கப் பலரும் வாங்கும் எடிஃபையர் ஆர்1280டி என்ற ஜோடி ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்த்து அதன் ஆர்.எம்.எஸ் 42 வாட்ஸ்தான். ஒரு சாதாரண ஹாலுக்கு அது தாராளம்.

எப்படி? நடுத்தரமான ஒரு ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தள்ளி, 85 டெசிபல் அளவுக்குச் சத்தம் கொடுக்கும். பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டிய சத்தம் அது. நாம் வீட்டில் நிம்மதியாகப் பாட்டுக் கேட்கும்போது ஓடுவது ஒன்றிரண்டு வாட்ஸ்தான். இன்னொன்று, வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு ‘டபுள்’ என்று தோன்ற, ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆகவே 40 வாட்ஸா, 60 வாட்ஸா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கடையில் என்னென்ன இருக்கும்?

*புளூடூத் ஸ்பீக்கர்:* சமையலறைக்கும் மொட்டை மாடிக்கும் நல்லது. ஒரே பெட்டி என்பதால் இடது, வலது என்ற பேச்சே கிடையாது. சில மாடல்களில் ஒரே மாதிரி இரண்டு வாங்கி ஜோடியாக்கலாம். ஆனால், அந்த விலைக்கு முறையான ஸ்டீரியோவே வந்துவிடும்.

*சவுண்ட் பார்:* டி.வி-யில் வசனம் தெளிவாகக் கேட்க உதவும். இடது, வலது இரண்டும் மூன்றடிக் குழாய்க்குள் நெருக்கி அடைத்திருப்பதால் பாட்டு விரியாது.

*2.1, 5.1 ஹோம் தியேட்டர்:* மேலே சொன்ன என் கதைதான். 12,000 ரூபாயை இரண்டு ஸ்பீக்கருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 6,000. ஆறுக்குப் பிரித்தால் 2,000. அதிலேயே ஆம்ப்ளிஃபையர் செலவும் போக வேண்டும். எதில் சரக்கு நன்றாக இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

*பவர்டு ஸ்பீக்கர்:* இதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். ‘ஆக்டிவ் ஸ்பீக்கர்’, ‘புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்’ என்றும் கேட்கலாம். இரண்டு மரப்பெட்டிகள். ஒன்றுக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையர் இருக்கும். அதிலிருந்து மற்றதுக்கு ஒரு வயர் போகும். பிளக்கைச் சொருகினால் வேலை முடிந்தது.

*தனி ஆம்ப்ளிஃபையர், தனி ஸ்பீக்கர்:* பின்னால் ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம் என்பது லாபம். ஆனால், புதிதாக வாங்க 20,000 ரூபாய் பக்கம் கையில் இருந்தால்தான் நிம்மதியாகத் தேர்ந்தெடுக்க முடியும்.

12,000 ரூபாயை இப்படிப் பிரியுங்கள்

பத்தாயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கம் ஒரு ஜோடி பவர்டு ஸ்பீக்கர் பாருங்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி நேரத்தில் விலை இன்னும் இறங்கும். வாங்கும்போது கவனிக்க வேண்டியவை நாலு:

1. கீழே இருக்கும் பெரிய கூம்பு, அதாவது ஊஃபர், குறைந்தது 4 அங்குலம் இருக்க வேண்டும். மேலே ட்வீட்டர் தனியாக இருக்க வேண்டும்.

2. பெட்டி மரத்தூள் பலகையிலாவது செய்திருக்க வேண்டும். தூக்கிப் பார்த்தால் கனக்க வேண்டும். விரலால் தட்டினால் ‘டொக்’ என்று அடங்க வேண்டும். தகர டப்பா மாதிரி அதிர்ந்தால் வேண்டாம்.

3. வால்யூம், பாஸ், ட்ரெபிள் மூன்றுக்கும் திருகக்கூடிய குமிழ் இருந்தால் உங்கள் அப்பாவுக்கு வசதி. ரிமோட்டில் எட்டாவது பட்டனை மூன்று முறை அமுக்க வேண்டிய சாமான்கள், பெரியவர்கள் வீட்டில் ஷோகேஸுக்குத்தான் போகும்.

4. புளூடூத் இருந்தால் நல்லது. இருந்தாலும், வயர் சொருகும் ‘ஆக்ஸ்’ வழி கட்டாயம் வேண்டும்.

மீதி 2,000 ரூபாயில் வயருக்கு ஒரு 500 ஒதுக்குங்கள். ஸ்பீக்கர் வயர் என்று ஆயிரக்கணக்கில் விலை சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடலாம். எலெக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் சாதாரண இரண்டு கோர் செம்பு வயரே போதும். பாக்கிப் பணத்தை என்ன செய்யலாம் என்று கீழே சொல்கிறேன்.

5,000 ரூபாய்தான் இருக்கிறது என்பவர்களுக்கு: மேஜை மேல் வைக்கும் சின்ன ஜோடி ஸ்பீக்கரை வாங்கி, மூன்றடி தூரத்துக்குள் உட்கார்ந்து கேளுங்கள். கிட்ட உட்கார்ந்தால் சின்ன ஸ்பீக்கரும் நியாயமாகப் பாடும். அல்லது பழைய சாமானுக்குப் போகலாம்.

பரணில் பாருங்கள்

பழைய சாமான் என்றதும், உங்கள் வீட்டுப் பரணையே முதலில் பார்க்கச் சொல்வேன். அந்தக் காலத்து டேப் ரிக்கார்டர் செட்டுகளில் கழற்றக்கூடிய ஸ்பீக்கர்கள் வரும். ஊஃபரின் விளிம்பில் வளையம்போல ஓடும் பகுதியை விரலால் மெதுவாகத் தொடுங்கள். ஃபோமாக இருந்தால் பல வருடத்தில் பொரித்த அப்பளம்போல உதிரும். உதிர்ந்தாலும் மாற்றிக் கட்டித்தர ஆள் உண்டு. ரப்பராக இருந்தால் பெரும்பாலும் பிழைத்திருக்கும்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சாதாரண 1.5 வோல்ட் பேட்டரி போதும். ஸ்பீக்கரின் இரண்டு வயர்களையும் பேட்டரியின் இரு முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். ‘டப்’ என்று சத்தம் வந்து கூம்பு அசைந்தால் ஊஃபருக்கு உயிர் இருக்கிறது. கரகரவென்று உரசினால் உள்ளே காயில் போயிருக்கிறது.

2013-ல் நான் அப்பாவுக்காகச் செய்ததும் இதுதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்து, பழைய ஜோடி ஸ்பீக்கர் ஒன்றையும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரையும் வாங்கினேன். ஹோம் தியேட்டருக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

கடைக்கு அப்பாவையும் அழைத்துப்போங்கள்

நமக்குத் தெரியாமல் ‘சர்ப்ரைஸ்’ கொடுக்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால், கேட்கப்போவது அவருடைய காது. போகும்போது போனில் மூன்று பாட்டுகளை டவுன்லோடு செய்துகொண்டு போங்கள்.

ஒன்று, உங்கள் அப்பாவுக்கு வரிக்கு வரி மனப்பாடமான ஒரு பழைய பாட்டு. ஒவ்வொரு வார்த்தையும் சிரமப்படாமல் காதில் விழுகிறதா என்று அவர் சொல்லட்டும். இரண்டு, தனியாக வீணையோ புல்லாங்குழலோ வாசித்த ஒன்று. கம்பியில் விரல் வழுக்கும் சத்தமும் வாசிப்பவர் மூச்சு எடுப்பதும் லேசாகத் தெரிந்தால் ட்வீட்டர் நன்றாக இருக்கிறது. மூன்று, நாகஸ்வரமும் தவிலும். தவிலின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழ வேண்டும். ஒன்றோடு ஒன்று சேர்ந்து ‘தொம்ம்ம்’ என்று இழுத்தால், அது பாஸ் இல்லை, பெட்டியின் புலம்பல்.

இரண்டு செட்டை ஒப்பிடும்போது ஒன்றில் மட்டும் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால், காதுக்கு அதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். கடைக்காரர்களுக்கு இது தெரியும். வால்யூமைச் சமமாக வைக்கச் சொல்லுங்கள். ‘பாஸ் பூஸ்ட்’, ‘3டி’ போன்ற பட்டன்களை அணைக்கச் சொல்லுங்கள். அவசரப்படாமல் பதினைந்து நிமிடம் கேளுங்கள். முதல் நிமிடம் பளபளவென்று இருப்பது, பதினைந்தாவது நிமிடத்தில் தலைவலியாகலாம்.

ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம், சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருக்கிறதா என்று இரண்டையும் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் ஒரு மாதத்துக்குத் தூக்கிப்போடாதீர்கள்.

காசில்லாமல் சத்தத்தை நன்றாக்கலாம்

வாங்கி வந்ததும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது என்ன? ஒன்று பீரோ மேல், இன்னொன்று ஃபிரிட்ஜ் மேல். அல்லது இரண்டும் டி.வி ஷோகேஸில் சாமி படத்துக்குப் பின்னால். அதன் பிறகு ‘சத்தம் சரியில்லை’ என்று கம்பெனியைத் திட்டுவோம்.

அப்பா வழக்கமாக உட்காரும் நாற்காலியை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே ஆறடி இடைவெளி விட்டால், அவர் நாற்காலியும் ஒவ்வொன்றிலிருந்தும் ஏறக்குறைய ஆறடியில் இருக்கட்டும். மூன்று பக்கமும் சமமான ஒரு முக்கோணம். ட்வீட்டர் அவர் காது உயரத்தில் இருக்க வேண்டும். ஸ்பீக்கரின் முகத்தை நாற்காலியைப் பார்த்து லேசாகத் திருப்புங்கள்.

மூலையில் தள்ளாதீர்கள். இரண்டு சுவர்கள் சேரும் இடத்தில் பாஸ் ஊதிப்பெருத்து, பாடுபவர் குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுவதுபோல ஆகிவிடும். பின்சுவரிலிருந்து ஓர் அடியாவது முன்னால் இழுங்கள். அதற்கு மேல் இழுத்தால் வீட்டில் வேறு சண்டை வரும், எனக்குத் தெரியும்.

அடுத்து, ஹாலின் நடுவில் நின்று ஒரு முறை ஓங்கிக் கை தட்டுங்கள். ‘ட்ரிங்’ என்று ஒரு வால் நீண்டால், டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் சத்தத்தைத் திருப்பி அடிக்கின்றன என்று அர்த்தம். அந்த வால்தான் பாட்டின் வார்த்தைகளை மறைக்கும். மீதி வைத்த பணம் இதற்குத்தான். தரையில் ஒரு கனமான பவானி ஜமுக்காளம், ஜன்னலில் கனமான திரை, எதிர்ச் சுவரில் ஒரு புத்தக அலமாரி. இவை செய்யும் வேலையை எந்த விலை உயர்ந்த வயரும் செய்யாது. ஸ்டீல் பீரோ பக்கத்தில் இருந்தால் அதன் கைப்பிடி ‘கிணுகிணு’ என்று அதிரும். ஒரு துணியைச் சொருகிவிடுங்கள்.

தனி ஆம்ப்ளிஃபையர் என்றால் இன்னொரு விஷயம். சிவப்பு முனைக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று இரண்டு பக்கமும் சரியாகச் சேருங்கள். ஒரு பக்கம் மட்டும் மாறிப்போனால் ஒன்றும் எரியாது, பாட்டும் ஓடும். ஆனால், பாஸ் காணாமல்போய், குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்க அலையும். ஒரு மோனோ பாட்டைப் போட்டால் உடனே தெரிந்துவிடும்.

பாட்டு எங்கிருந்து வருகிறது?

பாட்டு ஆப்களில் ‘டேட்டா சேவர்’ ஓடிக்கொண்டிருந்தால் தரம் குறைத்துத்தான் அனுப்பும். செட்டிங்ஸில் ‘ஆடியோ குவாலிட்டி’ என்று இருப்பதைத் தேடி, ‘ஹை’ என்று மாற்றுங்கள். புளூடூத்தும் பாட்டைக் கொஞ்சம் சுருக்கித்தான் அனுப்பும். ஆனால், இந்த விலையில் அந்த வித்தியாசத்தைவிட ஸ்பீக்கர் வைக்கும் இடம் செய்யும் வித்தியாசம் பெரியது.

உங்கள் அப்பாவுக்கு நான் சொல்வது இன்னும் எளிமையான வழி. வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு பழைய ஸ்மார்ட்போனை எடுங்கள். இயர்போன் ஓட்டை இருக்கும் போன் என்றால் நல்லது. அவருக்குப் பிடித்த இருநூறு, முந்நூறு பாட்டுகளை முறையாக வாங்கி அதில் இறக்கிவையுங்கள். ஏர்பிளேன் மோடில் போட்டு, வயரால் ஸ்பீக்கரோடு நிரந்தரமாக இணைத்துவிடுங்கள். அழைப்பு வராது, விளம்பரம் வராது, ‘புளூடூத் கனெக்ட் ஆகலை’ என்று உங்களுக்குப் போன் வராது. போனில் வால்யூமை முக்கால் பாகத்துக்கு மேல் வைத்து அப்படியே விட்டுவிடுங்கள். கூட்டுவது, குறைப்பது எல்லாம் ஸ்பீக்கர் குமிழில்.

காதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்

இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குப் பாதிப் பதில்தான் சொன்னவனாவேன். வயதாகும்போது பெரும்பாலும் முதலில் குறைவது கீச்சுச் சத்தங்களைக் கேட்கும் திறன். ச, ஸ, த, ஃப போன்ற ஒலிகள் மங்கும். ‘சத்தம் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை’ என்பார்கள். அந்த நேரத்தில் பாஸை ஏற்றினால் இருக்கிற வார்த்தையும் மூழ்கிப்போகும். பாஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும்.

உங்கள் அப்பா பல வருடம் பஸ் ஓட்டியவர். இன்ஜின் சத்தத்திலேயே நாளெல்லாம் இருந்திருப்பார். டி.வி வால்யூம் மாதத்துக்கு மாதம் ஏறுகிறதா, பேசும்போது ‘என்ன, என்ன’ என்கிறாரா என்று கவனியுங்கள். அப்படி என்றால் அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் ஒரு கேட்கும் திறன் பரிசோதனை செய்துவிடுங்கள். ஸ்பீக்கர் அதற்குப் பிறகும் வாங்கலாம்.

கேட்கும் திறன் நன்றாக இருப்பவர்களுக்கும் ஒரு வரி: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதைப் பாதுகாப்பான எல்லையாக உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. பாட்டு ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் குறைத்துவிடுங்கள்.

கடைசியாக...

2013-ல் அந்தப் பழைய ஸ்பீக்கர்களை ஹாலில் வைத்து, ஒரு பழைய பாட்டைப் போட்டேன். அப்பா எழுந்துவந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டு முடிகிறவரை ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும், “இந்த இடத்துல பின்னாடி ஒரு வயலின் வருது பாரு, இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான்டா கேக்கறேன்” என்றார். பிறகு, “இன்னொரு தடவை போடு” என்றார்.

அதன் பிறகு மூன்று வருடம் தினமும் சாயங்காலம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். 2016-ல் இறந்துபோனார். ஹோம் தியேட்டருக்குக் கொடுத்த பணத்தை நான் எப்போதோ மறந்துவிட்டேன். மறக்க முடியாதது நடுவில் போன அந்த நாலு வருடம். “பாட்டுதான் கேக்கலை” என்று அவர் தெளிவாகச் சொல்லியும், அது என்ன என்று நான் கேட்கவில்லை.

உங்கள் அப்பா “கொசு பாடுற மாதிரி இருக்கு” என்று சொன்னதும் அதே வகைப் பேச்சுதான் சகோதரி. போனின் குட்டி ஸ்பீக்கரில் கனம் இல்லை என்பதை இதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது. பாட்டே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. இந்த வாரமே அவரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். பழைய பாட்டைப் போட்டதும் அம்மா ஞாபகம் வந்து அவர் கண் கலங்கினால் பதறிப்போய் அணைத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள்.

எந்தச் செட் வாங்கினீர்கள், முதலில் எந்தப் பாட்டைப் போட்டார் என்று எனக்கு எழுதுங்கள்.

அடுத்த வாரம்: வோல்டேஜ் ஏறி இறங்கும் வீட்டில் ஸ்டெபிலைசர் எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்?